மண்ணின் புளிப்பை அளக்கும் கண்ணாடிக் குமிழ்

(அளவுக் கருவிகளும் அன்றாட வாழ்வும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையும், அதைத் தொடர்ந்த கேள்வி பதிலும் வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகின்றன.)



கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள், அங்கே வீட்டு வாசல்களில் பந்து பந்தாகப் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியா பூக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டில் நீலமாகப் பூத்திருக்கும். நாலு வீடு தள்ளி அதே செடி இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். நான் பிறந்து வளர்ந்தது அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எங்கள் வீட்டு நீலப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு, பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய்த் தம் வாசலில் நட்டார். செடி நன்றாகத்தான் வந்தது. ஆனால் பூ இளஞ்சிவப்பாகப் பூத்தது. "வேறு கிளையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாயே" என்று என் அம்மாவிடம் கொஞ்ச நாள் பேசாமலேயே இருந்தார்.

கிளையில் எந்தத் தப்பும் இல்லை. அந்த அக்கா விறகடுப்புச் சாம்பலை நாள்தோறும் அந்த இடத்தில்தான் கொட்டுவார். சாம்பல் மண்ணின் புளிப்பை முறித்துவிட்டது. புளிப்பான மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூவுக்குப் போகும். அப்போதுதான் இந்தப் பூ நீலமாகும். புளிப்பு குறைந்தால் அலுமினியம் மண்ணிலேயே தங்கிவிடும், பூ சிவக்கும். மண்ணின் அமிலத்தன்மையைச் செடியே நமக்குச் சொல்கிறது. ஆனால் அது ஒரு வருடம் கழித்துச் சொல்கிறது. விவசாயிக்கு அவ்வளவு நாள் காத்திருக்க நேரம் இல்லை.

ஒரு நிமிடத்தில் அதை எண்ணாகச் சொல்லும் கருவிதான் பி.எச். மீட்டர். அது எப்படி வேலை செய்கிறது என்பதை இன்று விளக்கப் போகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அந்த நட்டத்தை என் சொந்தக் குடும்பமே பட்டிருக்கிறது.

அமிலமும் காரமும்

நம் வீடுகளில் ஆரத்தி எடுப்பார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிறிது சுண்ணாம்பு போட்டதும் அது குங்குமச் சிவப்பாகிறது. அதே தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். இங்கே காரம் என்றால் மிளகாயின் உறைப்பு அல்ல. அமிலத்துக்கு எதிரான தன்மை. சாப்பாட்டுக் கடையில் 'தே ஓ' வாங்கி அதில் எலுமிச்சை பிழியும்போது, கறுஞ்சிவப்பாக இருந்த தேநீர் சட்டென்று வெளிறிப் போவதையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் அமிலத்தின் வேலைதான்.

ஒரு நீர்மத்துக்குப் புளிப்பைத் தருவது அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள். அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அயனிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அமிலம். ஆனால் எண்ணிக்கை மிகப் பெரிய வீச்சில் மாறும். அதைச் சுருக்கமாகச் சொல்ல 1909-ஆம் ஆண்டு டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அவர் வேலை செய்தது கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில். அந்தப் பெயரை நம் நாட்டில் பலர் வேறு காரணத்துக்காக அறிவார்கள். இந்த நல்ல காரணத்துக்காகவும் அறிந்துகொள்வோம்.

அவர் தந்த அளவுகோல்தான் பி.எச். பொதுவாக 0 முதல் 14 வரை எண்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம். மேலே போகப் போகக் காரம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். பால், சீனி சேர்க்காத தேநீர் 5-ஐ ஒட்டி இருக்கும். காற்றிலுள்ள கரிவளி கரைவதால் சுத்தமான மழைநீர்கூட 5.6 அளவில்தான் இருக்கும்.

இங்கே பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. 6-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு வெறும் ஒன்று அல்ல, பத்து மடங்கு. பி.எச். 5 உள்ள மண் 6 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு அமிலம். 4 உள்ள மண் நூறு மடங்கு அமிலம். ஆகவே கருவி அரைப் புள்ளி தவறாகக் காட்டினாலும், அமிலத்தின் அளவில் அது மூன்று மடங்குக்கு மேற்பட்ட தவறு.

நிறத்தைப் பார்த்தால் போதாதா?

"பள்ளியிலேயே லிட்மஸ் தாள் காட்டினார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். லிட்மஸ் தாள் அமிலமா காரமா என்று மட்டும் சொல்லும். பல வண்ணம் காட்டும் தாள் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்லும். ஆனால் செம்மண் கரைத்த தண்ணீரில் தாளை முக்கினால் தாளின் நிறத்தைப் பார்க்கிறோமா, மண்ணின் நிறத்தைப் பார்க்கிறோமா? தேநீரில் முக்கினாலும் இதே தொல்லைதான்.

இந்தத் தொல்லைதான் இன்றைய மீட்டர் பிறக்கவே காரணம். கண்ணாடியின் இரு பக்கமும் அமிலத்தன்மை வேறுபட்டால் ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகிறது என்பதை 1906-ஆம் ஆண்டில் கிரெமர் என்ற ஜெர்மானியர் கண்டார். 1909-இல் ஹேபரும் கிளெமென்சியெவிச்சும் அதை முறையாக ஆராய்ந்தார்கள். ஆனால் அந்த மின்னழுத்தத்தை அளப்பது பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்துக் கருவிகளுக்காகக் கண்ணாடியை மிக மெல்லியதாக ஊத வேண்டியிருந்தது, தொட்டால் உடைந்தது.

1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாறு ஆலைகளோடு தொடர்புடைய ஒரு வேதியியலாளர், தம் கல்லூரி நண்பர் ஆர்னால்ட் பெக்மனிடம் உதவி கேட்டு வந்தார். சாறு கெடாமல் இருக்கக் கலந்த கந்தக டைஆக்சைடு லிட்மஸின் நிறத்தையே வெளுத்துவிட்டது. அமிலத்தை அளக்க முடியவில்லை. பெக்மன் என்ன செய்தார்? நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கிக் காட்டும் வெற்றிடக் குழாய்களைச் சேர்த்தார். இதனால் கண்ணாடியைத் தடிமனாக, உறுதியாகச் செய்ய முடிந்தது. 1935-இல் 195 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. இன்று ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் சட்டைப் பையில் செருகி வைத்திருக்கும் பேனா மீட்டருக்கு அதுதான் பாட்டன்.

குமிழுக்குள் நடப்பது என்ன?

பேனா மீட்டரின் நுனியில் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். இது சாதாரணக் கண்ணாடி அல்ல. லித்தியம் அல்லது சோடியம் சேர்த்துத் தனியாகத் தயாரிக்கப்பட்டது. தண்ணீரில் ஊறும்போது இதன் மேற்பரப்பு மிக மெல்லிய கூழ்போல் ஆகிறது. நீர்மத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்தக் கூழ்ப் படலத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், இடம் மாறும்.

குமிழின் உள்ளே அமிலத்தன்மை மாறாத ஒரு கரைசல் அடைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது பி.எச். 7. ஆகவே உள்பக்கத்தில் எப்போதும் ஒரே அளவு கூட்டம். வெளிப்பக்கத்தில் நாம் முக்கும் நீர்மத்தைப் பொறுத்துக் கூட்டம் கூடும், குறையும். கோயில் கதவுக்கு இரு பக்கமும் மக்கள் நின்று தள்ளுவதாக நினைத்துப் பாருங்கள். யாரும் கதவைத் தாண்டவில்லை. ஆனால் எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்பதைக் கதவு உணர்கிறது. ஹைட்ரஜன் அயனியும் கண்ணாடியைக் கடந்து போவதில்லை. இரு பக்கத்துக் கூட்டத்தின் வேறுபாடு மட்டும் மின்னழுத்தமாக வெளிப்படுகிறது.

மின்னழுத்தத்தை அளக்க இரண்டு முனைகள் வேண்டும். ஒரு முனை குமிழுக்குள் இருக்கும் வெள்ளிக் கம்பி; அதன் மேல் வெள்ளிக் குளோரைடு பூசியிருக்கும். இன்னொரு முனைக்கு என்ன செய்வது? தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்கிறோம். எங்கிருந்து? கடல் மட்டத்திலிருந்து. அந்த நிலையான தொடக்கம் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. அதுபோல மீட்டருக்கும் ஒரு 'கடல் மட்டம்' தேவை. அதை ஒப்பீட்டு மின்முனை என்கிறோம். அதிலும் வெள்ளிக் கம்பிதான். அது பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிற்கிறது. அந்தக் கரைசல் நுண்துளையுள்ள ஒரு சிறு பீங்கான் அடைப்பு வழியாக மிக மெதுவாகக் கசிந்து, நாம் அளக்கும் நீர்மத்தைத் தொடுகிறது. அந்தத் தொடர்பு இருந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். இன்றைய பேனா மீட்டரில் இரண்டு மின்முனைகளும் ஒரே தண்டுக்குள் அடங்கிவிட்டன.

மில்லிவோல்ட் கணக்கு

உண்மையில் மீட்டர் அமிலத்தை அளக்கவில்லை. அது மின்னழுத்தத்தை அளக்கிறது. பிறகு கணக்குப் போட்டு பி.எச். என்று காட்டுகிறது. அந்தக் கணக்கின் அடிப்படையை ஜெர்மானிய விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் 1889-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒரு பி.எச். வேறுபாட்டுக்கு 59.16 மில்லிவோல்ட். நம் சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி 1,500 மில்லிவோல்ட். அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இது.

உள்ளே இருப்பதும் 7, வெளியே இருப்பதும் 7 என்றால் வேறுபாடு பூஜ்யம். மீட்டர் பூஜ்யம் மில்லிவோல்ட்டை 7 என்று காட்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

இந்த அளவு வெப்பத்தைப் பொறுத்து மாறும். கோலாலம்பூரில் 30 பாகையில் ஒரு பி.எச்.சுக்குச் சுமார் 60 மில்லிவோல்ட். கேமரன் மலையில் காலை நேரத்து 18 பாகையில் 58-க்கும் சற்றுக் குறைவு. ஆகவே நல்ல மீட்டரில் வெப்பமானியும் சேர்ந்தே இருக்கும்.

இன்னொரு சிக்கல்: கண்ணாடி மின்சாரத்தை எளிதில் விடாது. அதன் மின்தடை சுமார் 100 மில்லியன் ஓம். சாதாரண வோல்ட் மீட்டரை இணைத்தால் அந்த நுண்ணிய மின்னழுத்தத்தை அதுவே விழுங்கிவிடும். ஏறத்தாழ மின்னோட்டமே எடுக்காமல் அளக்கும் மின்சுற்று வேண்டும். பெக்மன் வெற்றிடக் குழாயால் செய்ததை இன்று ஒரு சிறு சிப் செய்கிறது.

தேயிலையும் முட்டைகோசும்

இனி மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைக் குறித்துவைத்தார். 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, செங்குத்தான சரிவுகளில் கன்று நட்ட கைகளில் நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் உண்டு. அவர்கள் கையில் மீட்டர் இல்லை. ஆனால் அந்த மண் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்.

ஏன் புளிப்பு? ஆண்டு முழுவதும் பெய்யும் பலத்த மழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது அமிலம். பெரும்பாலான பயிர்களுக்கு இந்த மண் ஆகாது. கரைந்த அலுமினியம் வேரைச் சுட்டுவிடும். தேயிலை மட்டும் விதிவிலக்கு. அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். தேயிலைக்கு ஏற்ற மண் பி.எச். 4.5 முதல் 5.5 வரை என்பது ஆராய்ச்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. முட்டைகோசுக்கோ 6-க்கு மேல் வேண்டும். தேயிலைக்கு அமுதமான மண் கோசுக்கு நஞ்சு.

தேயிலைத் தோட்டத்தில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. அம்மோனியம் சல்ஃபேட், யூரியா போன்ற உரங்களை ஆண்டுக்கணக்கில் போட்டால் மண் மேலும் மேலும் புளிக்கும். 4-க்குக் கீழே போனால் தேயிலையும் தாங்காது. போட்ட உரமும் வீணாகும். அதற்குத்தான் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் போடுகிறார்கள். விவசாயிகள் அதை ஜி.எம்.எல். என்பார்கள். ஆனால் அளவு மீறிச் சுண்ணாம்பு போட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பல பத்தாண்டுகள் கொழுந்து தர வேண்டிய செடி நிற்கும் மண் அது. ஒரு மூட்டை சுண்ணாம்பா, ஐந்து மூட்டையா என்பதை முடிவு செய்வது மீட்டர் காட்டும் ஒரே ஓர் எண். அந்த எண் பொய் சொன்னால்?

எல்லா இடத்திலும் 'ஏழு' காட்டிய கருவி

என் அக்காள் கணவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ரிங்லெட் பக்கம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார். ஒரு கடையில் பேனா மீட்டர் ஒன்றையும் வாங்கினார். முட்டைகோஸ் நடுவதற்கு முன் ஒவ்வொரு பாத்தியிலும் மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து அளந்தார். 6.9, 7.0, 6.9 என்று காட்டியது. "மண் அருமையாக இருக்கிறது, சுண்ணாம்புச் செலவு மிச்சம்" என்று மகிழ்ந்து, அந்தப் பருவத்தில் ஜி.எம்.எல். போடவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, வெயில் ஏறினால் கோஸ் செடிகள் வாடத் தொடங்கின. மாலையில் நிமிர்ந்தன, மறுநாள் மறுபடியும் வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கியிருந்தது. அது வேர் வீக்க நோய். புளிப்பு மண்ணில்தான் அது வேகமாகப் பரவும். பாதிக்கு மேல் அழிந்தது. உரம், விதை, குத்தகை எல்லாம் கடன் வாங்கிய பணம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த மீட்டரைக் கேட்டு வாங்கினேன். "அத்தான், ஓர் எலுமிச்சம்பழம் கொடுங்கள்" என்றேன். சாற்றில் முக்கினேன். 7.0 காட்டியது. தேத்தண்ணீரில் முக்கினேன். 6.9. சோப்புத் தண்ணீரிலும் 7.0. அத்தான் முகம் வெளிறிவிட்டது. குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது முடிபோல் ஒரு விரிசல்.

குமிழில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கதவே இல்லாத இடத்தில் எந்தப் பக்கம் கூட்டம் என்று எப்படித் தெரியும்? வேறுபாடு பூஜ்யம். பூஜ்யம் மில்லிவோல்ட் என்றால் மீட்டரின் கணக்கில் 7. உடைந்த கருவி "எனக்குத் தெரியாது" என்று சொல்வதில்லை. "நடுநிலை, கவலை வேண்டாம்" என்று சொல்கிறது. அதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய ஆபத்து. அந்த மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். உண்மையான அளவு 5.1. தேயிலைக்குப் பொருத்தமான எண், கோசுக்கு அல்ல.

ஐந்து வழக்கங்கள்

1. அளக்கும் நாளிலெல்லாம் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்று பி.எச். 4.01, 7.00 என்று அளவு உறுதி செய்யப்பட்ட கரைசல்கள் விற்கின்றன. முதலில் 7, பிறகு 4. 7-இல் மட்டும் சரிபார்த்தால் போதாது. உடைந்த கருவியும் 7-இல் சரியாகவே காட்டும்.

2. குமிழைக் காய விடக் கூடாது. காய்ந்தால் கூழ்ப் படலம் வேலை செய்யாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சில துளி விட்டு வையுங்கள்.

3. வாலை வடித்த சுத்தநீரில் ஊற வைக்காதீர்கள். அது மின்முனைக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்துவிடும்.

4. துணியால் தேய்த்துத் துடைக்கக் கூடாது. தண்ணீரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தால் போதும்.

5. எண் ஓர் இடத்தில் நிற்கும் வரை காத்திருங்கள். குளிரிலும், உப்புக் குறைந்த மலைநீரிலும் அதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

மண்ணை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஓரிடத்து மண் போதாது. பாத்தி முழுவதும் பத்துப் பதினைந்து இடங்களில், உரம் போட்ட இடத்தைத் தவிர்த்து, மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் வரை எடுத்துக் கலக்க வேண்டும். நிழலில் உலர்த்திச் சலிக்க வேண்டும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வாலை வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் வைத்திருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே முறையைப் பின்பற்றினால்தான் போன ஆண்டு எண்ணோடு இந்த ஆண்டு எண்ணை ஒப்பிட முடியும்.

கேள்வி நேரம்

*ஐயா, சரிபார்க்கும் கரைசல் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. வேறு வழி உண்டா?*

துல்லியமாகச் சரிசெய்ய அந்தக் கரைசல்தான் வேண்டும். ஆனால் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அடுப்படியே போதும். எலுமிச்சைச் சாற்றில் முக்குங்கள். 2-க்கும் 3-க்கும் இடையில் காட்ட வேண்டும். பிறகு அலசிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்குங்கள். 8-ஐத் தாண்ட வேண்டும். இரண்டிலும் 7-ஐ ஒட்டியே நின்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மின்முனை வாங்குங்கள். இதற்கு ஆகும் செலவு ஓர் எலுமிச்சம்பழம்.

*பூச்செடிக் கடையில் பேட்டரி இல்லாமல், மண்ணில் குத்தினால் முள் காட்டும் மீட்டர் விற்கிறார்களே, அதை வாங்கலாமா?*

அதில் கண்ணாடிக் குமிழ் கிடையாது, அம்மா. இரண்டு வேறு உலோகங்கள் ஈரமண்ணில் பட்டால் சிறு மின்னோட்டம் உண்டாகும். அதை வைத்து முள் நகர்கிறது. மண் ஈரமாக இருந்தால் ஓர் எண், காய்ந்திருந்தால் ஓர் எண். உரத்தின் உப்பு இருந்தாலும் மாறும். வாசலில் ரோஜா வளர்க்க அது போதலாம். கடன் வாங்கிக் கோஸ் போடுபவர் அதை நம்பக் கூடாது.

*கண்ணாடியே இல்லாத மின்முனையும் இருக்கிறதாமே?*

இருக்கிறது. 1970-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்க்வெல்ட், சிப்பின் மேற்பரப்பே ஹைட்ரஜன் அயனியை உணரும் ஒரு வகையை அறிமுகப்படுத்தினார். உடையாது என்பதால் உணவுத் தொழிற்சாலைகளில் விரும்புகிறார்கள். ஆனால் அதற்கும் ஒப்பீட்டு மின்முனை வேண்டும். அதையும் சரிபார்க்கத்தான் வேண்டும்.

*தேநீர் அமிலம் என்கிறீர்கள். அப்படியானால் குடிப்பது வயிற்றுக்குக் கெடுதலா?*

நம் வயிற்றில் சுரக்கும் அமிலம் தேநீரைவிடப் பல நூறு மடங்கு வலிமையானது. தேநீரின் பி.எச். எண்ணைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக

இந்த உரையைத் தேயிலைத் தோட்ட அதிகாரிகளுக்காக மட்டும் நான் தயாரிக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, அரை ஏக்கர் ஓர் ஏக்கர் என்று குத்தகைக்கு எடுத்துக் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் போடும் நம் குடும்பங்களை நினைத்தே பேசினேன். பெரிய தோட்டத்துக்கு ஒரு பருவ நட்டத்தைத் தாங்கும் பலம் உண்டு. நம்மவருக்கு இல்லை.

படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் மீட்டரை எடுத்து ஒரு முறை எலுமிச்சைச் சாற்றில் முக்கிப் பாருங்கள். படிவம் நான்கில் படித்த வேதியியலுக்கு அதைவிட நல்ல பயன் இருக்க முடியாது. என் அத்தான் இன்றும் காய்கறிதான் போடுகிறார். புது மீட்டர் வாங்கிவிட்டார். அவருடைய உரக் கொட்டகையில், மீட்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். பார்க்கிறவர்கள் திருஷ்டிக்காக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறார்கள்.